விமானிக்குப் பஞ்சமா, சம்பளத்துக்குப் பஞ்சமா?

நாட்டில் விமானிகளுக்குத் தட்டுப்பாடு என்ற செய்தி அடிக்கடி நம் கண்ணில் படுகிறது. வரும் ஆண்டுகளில் 30,000 விமானிகள் தேவைப்படுவார்கள் என்று மத்திய விமானப் போக்குவரத்துத் துறை அமைச்சரே 2025-ல் சொன்னார். பயிற்சிப் பள்ளிகள் இதை விடுமா? பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்த பிள்ளை இருக்கும் வீடுகளைக் குறிவைத்து விளம்பரங்கள் வருகின்றன. மாதுங்காவிலும் செம்பூரிலும் முலுண்டிலும் உள்ள நம்மவர் வீடுகளிலும் இந்தப் பேச்சு நுழைந்துவிட்டது. ஊரில் இருக்கும் காணியை விற்றோ, இங்கே வாங்கிய சிறு ஃப்ளாட்டை அடமானம் வைத்தோ, பிள்ளையை விமானி ஆக்கிவிடலாம் என்று கணக்குப் போடும் பெற்றோர்கள் இருக்கிறார்கள்.

அதே சமயம், லைசென்ஸ் கையில் வாங்கிய பிறகும் வேலை கிடைக்காமல் ஓரிரண்டு ஆண்டுகளாகக் காத்திருக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு பக்கம் ஆள் இல்லை என்ற கூக்குரல். மறுபக்கம் வேலை இல்லை என்ற பெருமூச்சு. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்?

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விமானிப் பற்றாக்குறை என்று பேசப்படுவதில் பெரும்பங்கு சம்பளப் பற்றாக்குறைதான். அதிலும் சிறு ஊர்களை இணைக்கும் பிராந்திய விமான நிறுவனங்களில் இது வெளிப்படையாகத் தெரியும். இதற்கு நல்ல சாட்சி அமெரிக்கா. அங்கே சுமார் பதினைந்து ஆண்டுகளில் இந்த நாடகம் முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை நடந்து முடிந்திருக்கிறது. அதை முதலில் பார்த்துவிட்டு நம் நாட்டுக்கு வருவோம்.

மணிக்கணக்கில் கூலி

அமெரிக்காவில் ஒரு சிறு நகரத்திலிருந்து பெருநகரத்துக்குப் பயணச்சீட்டு வாங்கினால், சீட்டிலும் விமானத்தின் வாலிலும் டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் போன்ற பெரிய நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். ஆனால் ஐம்பது முதல் எழுபத்தாறு இருக்கைகள் வரை உள்ள அந்தச் சிறு விமானத்தை ஓட்டுபவர் பெரும்பாலும் அந்தப் பெரிய நிறுவனத்தின் ஊழியர் அல்லர். ஒப்பந்த அடிப்படையில் அந்தப் பெயருக்காகப் பறக்கும் வேறொரு நிறுவனத்தின் ஊழியர். அதைத்தான் பிராந்திய விமான நிறுவனம் என்கிறார்கள். பெரிய நிறுவனம் தன் வேலையைக் குறைந்த விலைக்குச் செய்து தருபவருக்குக் கொடுக்கிறது. அதற்காகப் போட்டியிடும் சிறு நிறுவனங்கள் எதில் விலையைக் குறைக்க முடியும்? எண்ணெய் விலையும் விமான வாடகையும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மிஞ்சுவது ஆட்களின் சம்பளம்.

சம்பளம் கணக்கிடப்படும் முறையையும் தெரிந்துகொள்ள வேண்டும். விமானிக்குச் சம்பளம் பெரும்பாலும் மணிக்கணக்கு. விமானம் புறப்பாட்டு வாயிலை விட்டு நகர்ந்ததிலிருந்து போய்ச்சேரும் வாயிலில் நிற்கும்வரை உள்ள நேரம்தான் கணக்கில் சேரும். விமான நிலையத்தில் காத்திருக்கும் நேரம், விமானத்தைச் சோதிக்கும் நேரம், மழையால் தாமதமாகும் நேரம் எல்லாம் அநேகமாகத் தர்மக் கணக்கு. மாதத்துக்கு ஏறக்குறைய 75 மணி நேரத்துக்கு உத்தரவாதம் உண்டு. மணிக்கு 20 டாலர் என்றால் மாதம் 1,500 டாலர். ஆண்டுக்கு 18,000 டாலர். நம் ரூபாயில் பெருக்கிப் பார்த்து மயங்க வேண்டாம். அமெரிக்கப் பெருநகரத்தில் அந்தப் பணத்தில் தனியாக ஒரு வீடு வாடகைக்கு எடுக்க முடியாது. இந்த நூற்றாண்டின் முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பிராந்திய நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த துணை விமானியின் நிலை ஏறக்குறைய இதுதான். அவர் தலையில் பயிற்சிக்காக வாங்கிய கடன் ஒரு லட்சம் டாலரை நெருங்கி நின்றது.

இந்தக் கூலிக்கு ஏன் வந்தார்கள் என்று கேட்கலாம். காரணம் மூப்பு வரிசை. விமானியின் வாழ்க்கையில் எல்லாமே அவர் அந்த நிறுவனத்தில் சேர்ந்த தேதியைப் பொறுத்தது. சம்பளம், ஓட்டும் விமானம், தீபாவளிக்கு லீவு கிடைக்குமா என்பதுவரை வரிசை எண்ணே முடிவு செய்யும். வேறு நிறுவனத்துக்கு மாறினால் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் கடைசி எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே இளைஞர் என்ன நினைக்கிறார்? இங்கே சில ஆண்டுகள் பல்லைக் கடித்துக்கொண்டு மணி நேரத்தைச் சேர்ப்போம், பிறகு பெரிய நிறுவனத்துக்குள் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் நுழைந்துவிடுவோம் என்று. அவர் பிராந்திய நிறுவனத்தை வீடாக நினைக்கவில்லை. ரயில் நிலையத்துக் காத்திருப்பு அறையாக நினைத்தார். நிறுவனமும் அவரை அப்படியே நடத்தியது.

ஐம்பது உயிர்கள் கேட்ட கேள்வி

2009 பிப்ரவரி 12-ந் தேதி இரவு, நியூவார்க்கிலிருந்து பஃபலோ நகருக்குச் சென்ற கோல்கன் ஏர் நிறுவனத்தின் சிறு விமானம் தரையிறங்கும் முன் ஒரு வீட்டின்மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் மாண்டனர். பயணச்சீட்டில் இருந்த பெயர் கான்டினென்டல்.

விசாரணையில் வெளிவந்த விவரங்கள் அமெரிக்கர்களைத் திடுக்கிட வைத்தன. துணை விமானிக்கு வயது 24. அவருடைய ஆண்டுச் சம்பளம் சுமார் 16,000 டாலர் என்று விசாரணையில் சொல்லப்பட்டது. நிறுவனம் பிறகு அதைக் கூட்டிச் சொன்னது. எப்படிக் கூட்டினாலும் வேலை பார்க்கும் ஊரில் வீடு எடுத்துக் குடியிருக்கப் போதுமான சம்பளமாக அது ஆகவில்லை. அவர் நாட்டின் மறுகோடியில் உள்ள சியாட்டிலிலிருந்து இரவெல்லாம் சரக்கு விமானங்களில் தொற்றிக்கொண்டு வந்து வேலையில் சேர்ந்திருந்தார். ஒரு கோலியில் ஆறு பேர் முறை வைத்துப் படுத்த காலத்தை அறிந்த மும்பைத் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அப்படிப் படுத்து எழுந்தவர்கள் மறுநாள் காலையில் ஐம்பது உயிர்களைக் கையில் ஏந்தவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும். விமானம் வேகம் குறைந்து விழப்போவதாக எச்சரிக்கை வந்தபோது கேப்டன் செய்த தவறான செயலே விபத்துக்குக் காரணம் என்றுதான் விசாரணை அமைப்பு தீர்ப்புச் சொன்னது. களைப்பு இரு விமானிகளின் திறனையும் பாதித்திருக்கக்கூடும், எவ்வளவு என்று அளந்து சொல்ல முடியாது என்றும் அது குறிப்பிட்டது. சம்பளம் குறைந்ததால் விமானம் விழுந்தது என்று எழுதினால் அது பொய். சம்பளம் குறைந்தால் எப்படிப்பட்ட வாழ்க்கை அமையும், யார் வேலைக்கு வருவார்கள், யார் வராமல் போவார்கள் என்ற கேள்வியை அந்த விபத்து எழுப்பியது என்று எழுதினால் அது உண்மை.

அதே மாதத்தில் இன்னொரு விமானியும் இதைப் பற்றிப் பேசினார். 2009 ஜனவரி 15-ந் தேதி, இயந்திரங்கள் நின்றுபோன விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய கேப்டன் சல்லன்பெர்கர். அமெரிக்க நாடாளுமன்றக் குழு அவரைப் பாராட்ட அழைத்தது. அவர் அங்கே போய்த் தம் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும் ஓய்வூதியம் கரைந்துபோனதையும் சொன்னார். தம் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரவேண்டும் என்று விரும்பும் விமானி ஒருவரைக்கூடத் தமக்குத் தெரியாது என்றும் சொன்னார். நாடே கொண்டாடிய மனிதர் மாலையை வாங்கிக்கொண்டு சும்மா திரும்பாமல் இதைச் சொன்னாரே, அதுதான் கவனிக்கத்தக்கது.

சட்டம் வந்தது, ஆட்கள் வரவில்லை

விபத்தில் இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடியதால் 2010-ல் சட்டம் வந்தது. அதன்படி 2013 முதல், பயணிகள் விமானத்தில் துணை விமானியாக அமரவும் பொதுவாக 1,500 மணி நேரம் பறந்த அனுபவம் வேண்டும். முன்பு 250 மணி நேரம் போதும். ராணுவத்திலிருந்து வருபவர்களுக்கும் விமானக் கல்லூரியில் பட்டம் பெற்றவர்களுக்கும் சற்றுச் சலுகை உண்டு.

அதாவது நுழைவாயிலை உயர்த்தினார்கள். உள்ளே கிடைக்கும் கூலியை உயர்த்தவில்லை. விளைவு என்ன? 2014-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு விசாரித்தபோது, 12 பிராந்திய நிறுவனங்களில் 11 நிறுவனங்கள் தாங்கள் எண்ணிய அளவுக்குத் துணை விமானிகளை எடுக்க முடியவில்லை என்றன. அந்த அறிக்கையிலேயே இன்னொரு விவரமும் இருந்தது. ஒரு பொருளுக்குப் பஞ்சம் வந்தால் அதன் விலை ஏற வேண்டும். வெங்காயம் வாங்கும் எவருக்கும் தெரிந்த கணக்கு இது. ஆனால் 2000 முதல் 2012 வரை விமானிகளின் வருமானம், விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தால், குறைந்துதான் இருந்தது. பஞ்சம் என்று சொல்லிக்கொண்டே விலையைக் குறைத்துக் கேட்ட வியாபாரம் அது.

அதன் பிறகு நடந்தவை வரிசையாக வந்தன. 2016 பிப்ரவரியில் ரிபப்ளிக் ஏர்வேஸ் என்ற பெரிய பிராந்திய நிறுவனம், ஓட்ட ஆளில்லாமல் விமானங்களை நிறுத்த நேர்ந்ததைக் காரணமாகக் காட்டித் திவால் பாதுகாப்புக் கோரியது. வயோமிங் மாநிலத்தின் கிரேட் லேக்ஸ் நிறுவனம், 1,500 மணி நேர விதி பொருந்தாத வகைக்குள் வருவதற்காக, 19 இருக்கை விமானங்களில் பத்து இருக்கைகளைக் கழற்றி 9 பயணிகளோடு பறந்து பார்த்தது. அதுவும் பயன்படாமல் 2018 மார்ச்சில் சேவையை நிறுத்தியது. இடையில் சில நிறுவனங்கள் சம்பள விகிதத்தைத் தொடாமல், சேருபவருக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுத்தன. மொத்தத் தொகை ஆளைக் கொண்டுவரும்; நிறுத்தி வைக்காது. தொகைக்கான காலம் முடிந்த மறுநாள் அவர் பெட்டியைக் கட்டுவார்.

2020-ல் கொரோனா வந்தது. பெரிய நிறுவனங்கள் மூத்த விமானிகளுக்குப் பணம் கொடுத்து முன்கூட்டியே ஓய்வு கொடுத்தன. பயணிகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் திரும்பி வந்ததும், விட்ட இடத்தை நிரப்பப் பிராந்திய நிறுவனங்களின் விமானிகளை வாரிக்கொண்டன. 2022 மார்ச்சில் ஸ்கைவெஸ்ட் என்ற நிறுவனம், அரசு மானியத்தோடு தான் சேவை நடத்திவந்த 29 சிறு நகரங்களிலிருந்து விலக அனுமதி கேட்டது. சொன்ன காரணம் விமானிகள் இல்லை என்பதுதான்.

ஏற்றினார்கள், வந்தார்கள்

2022 ஜூன் மாதம் கணக்கு மாறியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்குச் சொந்தமான என்வாய், பீட்மான்ட் என்ற இரண்டு பிராந்திய நிறுவனங்கள் புதிய துணை விமானியின் சம்பளத்தை மணிக்கு 51 டாலரிலிருந்து 90 டாலராக உயர்த்தின. புதிய கேப்டனின் சம்பளம் 78-லிருந்து 146 டாலர் ஆனது. மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. பத்து ஆண்டுகளுக்கு முன் ஆண்டுக்கு இருபதாயிரம் சொச்சம் டாலர் கிடைத்த வேலைக்கு இப்போது 75 மணி உத்தரவாதத்திலேயே 81,000 டாலர்.

1,500 மணி நேர விதி அப்படியேதான் இருந்தது. பயிற்சிச் செலவும் குறையவில்லை. மாறியது சம்பளம் ஒன்றுதான். ஆனால் ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் துணை விமானி வேலைக்கு ஆள் இல்லை என்ற புலம்பல் அடங்கி, வரிசையில் நின்று காத்திருக்கும் நிலை வந்தது. 2024-ல் பெரிய நிறுவனங்கள் ஆள் எடுப்பதைக் குறைத்ததும் இதற்கு உதவியது என்பதை மறைக்க வேண்டாம். ஆனாலும் வரிசை நீளத் தொடங்கியது அதற்கு முன்பே.

ஒரு குறை மட்டும் நீடித்தது. கேப்டன்கள் போதவில்லை. துணை விமானியாக 1,000 மணி நேரம் பறந்தால்தான் கேப்டன் ஆக முடியும். கேப்டனாகத் தகுதி பெற்றவரையே பெரிய நிறுவனம் முதலில் கொத்திக்கொண்டு போகும். 2023-ல் டெல்டா நிறுவனம் தன் விமானிகளுக்கு நான்கு ஆண்டுகளில் 34 சதவீதம் உயர்வு தரும் ஒப்பந்தத்தைச் செய்தது. மற்றவையும் அதே வழியில் சென்றன. நல்ல நாளில் ஆளை வளர்க்காமல் விட்டவர்களுக்குக் கெட்ட நாளில் பணம் கொடுத்தாலும் அனுபவம் உடனே கிடைக்காது. தென்னங்கன்றை இன்று நட்டுவிட்டு நாளை இளநீர் கேட்டால் எப்படி?

சம்பளத்தை உயர்த்தினால் சிறு ஊர்ச் சேவையே கட்டுப்படியாகாது என்பது நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் வாதம். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். பழைய விகிதத்தில் கேப்டனும் துணை விமானியும் சேர்ந்து மணிக்கு 129 டாலர். புதிய விகிதத்தில் 236 டாலர். கூடுதல் 107 டாலர். ஐம்பது இருக்கை விமானம் பாதி காலியாகப் பறந்தாலும் ஒரு பயணிக்கு மணிக்கு நான்கு டாலர் சொச்சம்தான் கூடுகிறது. மற்றப் படிகளையும் சேர்த்தால் இன்னும் சற்று ஏறும். அந்த நாட்டில் ஒரு கோப்பைக் காப்பிக்குக் கொடுக்கும் பணம் அது. ஆனால் விலையே இல்லாத தீர்வு என்றும் நான் சொல்லவில்லை. ஐம்பது இருக்கை விமானங்கள் பல நிறுத்தப்பட்டன. சில சிறு நகரங்களுக்குச் சேவை திரும்பவில்லை. காசுக்கேற்ற பணியாரம் என்பது இரு பக்கத்துக்கும் பொருந்தும். சேவை வேண்டும் என்றால் அதன் உண்மையான விலையை யாராவது கொடுத்தாக வேண்டும். இத்தனை காலம் அதைக் கொடுத்துவந்தவர்கள் கடன்பட்ட இருபத்து நான்கு வயதுப் பிள்ளைகள்.

நம் நாட்டுக் கதை

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2016-ல் அறிவிக்கப்பட்ட உடான் திட்டத்தின் முதல் விமானம் 2017 ஏப்ரலில் சிம்லாவிலிருந்து டில்லிக்குப் பறந்தது. தொடக்க விதிப்படி, ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பாதி இருக்கைகளை 2,500 ரூபாய் என்ற உச்சவரம்புக்குள் தர வேண்டியிருந்தது. நட்டத்தை ஈடுகட்ட மூன்று ஆண்டுகள் மானியம் உண்டு. நம்மவருக்கு இதன் அருமை தெரியும். சேலத்துக்கு 2018 மார்ச்சில் ட்ரூஜெட் சேவை தொடங்கியது. பிறகு நின்றுபோனது, ட்ரூஜெட் நிறுவனமே 2022-ல் பறப்பதை நிறுத்திவிட்டது. 2023 அக்டோபரில் வேறு நிறுவனங்கள் மூலம் சேலத்துக்கு மீண்டும் சேவை வந்தது. இடையில் ஊருக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்தவர்கள் பழையபடி சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இறங்கி சாலை வழியாகப் போனார்கள்.

சேலம் மட்டும் அல்ல. மத்தியத் தணிக்கைத் துறை 2023-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, உடான் திட்டத்தின் முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-ல் மூன்று ஆண்டுகள் முழுமையாக நடந்தவை 112 மட்டுமே. இதற்குக் காரணங்கள் பல. விமான நிலையம் தயாராக இல்லை, விமானம் கிடைக்கவில்லை, பயணிகள் வரவில்லை. அவற்றோடு ஆள் பிரச்சினையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிறு நிறுவனத்தில் ஏ.டி.ஆர். விமானம் ஓட்டுபவருக்கு, பெரிய நிறுவனத்தில் ஏர்பஸ் அல்லது போயிங் ஓட்டுபவரைவிடச் சம்பளம் குறைவு. உழைப்பு மட்டும் குறைவா? குறுகிய ஓடுதளம், மலைப்பகுதி, ஒரே நாளில் பல முறை ஏற்றமும் இறக்கமும். கஷ்டமான வேலைக்குக் குறைந்த கூலி என்றால், அனுபவம் சேர்ந்ததும் யார் தங்குவார்கள்? பத்துப் பன்னிரண்டு கேப்டன்களை வைத்துக்கொண்டு நடக்கும் நிறுவனத்தில் மூன்று பேர் விலகினால் போதும், ஒரு வழித்தடமே நின்றுவிடும்.

அமெரிக்காவில் சந்தையே கடைசியில் சம்பளத்தை உயர்த்தியது. நம் நாட்டில் என்ன செய்தோம்? ஆள் போகாமல் இருக்கக் கதவைப் பூட்டினோம். 2017-ல் வந்த விதிப்படி, வேலையை விட நினைக்கும் கேப்டன் ஓராண்டு முன்னறிவிப்புத் தர வேண்டும். துணை விமானி ஆறு மாதம். வேறு எந்தத் தொழிலில் ராஜினாமாக் கடிதம் கொடுத்த பிறகு ஓராண்டு உட்கார வைக்கிறார்கள்? பயணிகளுக்குத் திடீர் இடைஞ்சல் வரக்கூடாது என்பது சொல்லப்படும் நியாயம். நியாயம்தான். ஆனால் பூட்டு வேலை செய்ததா? 2023-ல் ஆகாசா நிறுவனத்தில் 43 விமானிகள் முன்னறிவிப்புக் காலத்தை முடிக்காமல் வெளியேறினார்கள். விமானங்கள் ரத்தாயின, வழக்கு மும்பை, டில்லி உயர்நீதிமன்றங்கள் வரை போனது. ஆகாசா பிராந்திய நிறுவனம் அல்ல, புதிய நிறுவனம். ஆனாலும் பாடம் ஒன்றே. மனம் வெளியே போய்விட்ட ஆளைச் சட்டம் உள்ளே வைத்திருக்க முடியாது.

அடுத்த ஆண்டே விஸ்தாரா நிறுவனத்தில் வேறு மாதிரி நடந்தது. ஏர் இந்தியாவுடன் இணையும் முன் புதிய சம்பள முறை வந்தது. மாதம் 70 மணி நேரத்துக்கு நிச்சயமாகக் கிடைத்துவந்த சம்பளம் 40 மணி நேரத்துக்கு என்று சுருங்கியது. 2024 மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் விமானிகள் பலர் உடல்நலமில்லை என்று விடுப்பு எடுக்க, நாள்தோறும் விமானங்கள் ரத்தாயின. நிறுவனம் தன் சேவையையே குறைத்துக்கொண்டது. சம்பளத் தொகை எவ்வளவு என்பதைவிட, அதில் எவ்வளவு நிச்சயம் என்பது குடும்பம் நடத்துபவருக்கு முக்கியம். மாதத் தவணை கட்டும் எவருக்கும் இது புரியும்.

2025 டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானதை நாம் மறந்திருக்க மாட்டோம். விமானிகளுக்கு அதிக ஓய்வு தரும் புதிய விதிகள் வரப்போவது முன்பே தெரிந்தும், அதற்கேற்ற ஆட்கள் தயாராக இல்லை. ஆளைக் கணக்காக வைத்துக்கொண்டு ஓட்டினால் லாபம் தெரியும். ஒரு விதி மாறினால் குட்டு வெளிப்படும்.

என்ன செய்யலாம்?

மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன். முதலாவது, அரசு மானியம் பெறும் வழித்தடங்களில், விமானிக்கும் பராமரிப்புப் பணியாளர்களுக்கும் தரும் சம்பளத்துக்கு ஒரு கீழ்வரம்பு இருக்க வேண்டும். மானியக் கணக்கிலேயே அதைச் சேர்த்துவிடலாம். கட்டணத்துக்கு உச்சவரம்பு வைக்கத் தெரிந்த அரசுக்குச் சம்பளத்துக்குக் கீழ்வரம்பு வைக்கத் தெரியாதா?

இரண்டாவது, முன்னறிவிப்புக் காலத்தை நியாயமான அளவுக்குக் குறைத்து, அதற்குப் பதிலாகத் தங்கியிருப்பவருக்கு ஆண்டுதோறும் ஏறும் படி ஒன்றைத் தரலாம். பூட்டுக்குச் செய்யும் செலவைவிடப் புன்னகைக்குச் செய்யும் செலவு குறைவு.

மூன்றாவது, பயிற்சிச் செலவு முழுவதையும் குடும்பத்தின் தலையில் கட்டுவது நிற்க வேண்டும். லைசென்ஸும் டைப் ரேட்டிங்கும் சேர்ந்து ஐம்பது லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை ஆகிறது. நிறுவனங்களே நடத்தும் சில திட்டங்களில் அதற்கும் மேல். ஒப்பந்தப் பத்திரம் எழுதி வாங்கும் நிறுவனம், அந்தப் பத்திரத்துக்கு ஈடாகச் செலவில் ஒரு பங்கையாவது ஏற்க வேண்டும். இல்லையென்றால் இந்தத் தொழிலுக்குத் திறமை உள்ள பிள்ளைகள் வரமாட்டார்கள். வசதி உள்ள பிள்ளைகள் மட்டுமே வருவார்கள்.

பெற்றோர்களுக்கு

விமானித் தொழில் வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பெரிய நிறுவனத்தில் கேப்டன் ஆகிவிட்டவரின் வருமானம் நம்மில் பலர் கனவிலும் காணாதது. ஆனால் பயிற்சிப் பள்ளி காட்டுவது ஏணியின் உச்சிப்படியை. உங்கள் பிள்ளை கால் வைக்கப்போவது முதல் படியில். கிங்ஃபிஷர் 2012-லும், ஜெட் ஏர்வேஸ் 2019-லும், கோ ஃபர்ஸ்ட் 2023-லும் நின்றபோது அந்தந்தப் படியில் நின்றவர்கள் பட்ட பாட்டை இந்த நகரம் நேரில் பார்த்திருக்கிறது.

ஆகவே பணம் கட்டும் முன் சில கேள்விகளைக் கேளுங்கள். லைசென்ஸ் பெற்றவர்களில் எத்தனை பேர், எத்தனை மாதத்தில் வேலையில் சேர்ந்தார்கள்? முதல் ஆண்டில் கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு, அதில் பறந்தாலும் பறக்காவிட்டாலும் நிச்சயமாகக் கிடைப்பது எவ்வளவு? ஒப்பந்தப் பத்திரம் எத்தனை ஆண்டுக்கு, இடையில் விலகினால் கட்ட வேண்டியது எவ்வளவு? டைப் ரேட்டிங் செலவு யாருடையது? நிறுவனம் மூடப்பட்டால் அந்தப் பத்திரம் என்ன ஆகும்? வாங்கிய கடனுக்கு மாதத் தவணையையும், முதல் ஆண்டு நிச்சயச் சம்பளத்தையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். விடை அந்தத் தாளிலேயே இருக்கும்.

நம் சங்கத்தில் விமானத் துறையில் பணிபுரியும் அன்பர்கள் பலர் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை அவர்கள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களையும் பெற்றோர்களையும் சந்தித்து, விளம்பரத்தில் இல்லாத விவரங்களைச் சொல்ல ஒரு கூட்டத்துக்கு நிர்வாகக் குழு ஏற்பாடு செய்யலாம். அந்தக் கூட்டத்தில் மேற்சொன்ன கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் துறையில் இருப்பவர் வாயிலிருந்தே பதில் கிடைத்தால், ஒரு குடும்பத்தின் ஃப்ளாட்டாவது அடமானத்துக்குப் போகாமல் தப்பும்; தகுதியுள்ள ஒரு பிள்ளையாவது தெரிந்தே, தெளிந்தே பறக்கப் போகும்.